வாத்துகள் போன பக்கம்

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. எண்ணூர்க்காரனுக்கு மேடு என்றால் அது சாம்பல் மேடுதான். அனல் மின் நிலையத்தில் எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே கொண்டுவந்து விடுகிற பெரிய குட்டை ஒன்று உண்டு. அதைச் சுற்றி உயரமாகக் கரை போட்டிருந்தார்கள். ஊரில் அதற்கு மலை என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கே போயிருந்தாய் என்று யாராவது கேட்டால், மலைக்கு என்பேன். வெளியூர்க்காரர் கேட்டால் திருப்பதி என்று நினைத்துக்கொண்டு லட்டு எங்கே என்பார். கழுத்தில் ஜெபமாலை தொங்குவதைப் பார்த்த பிறகும் கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கரையில் ஏறி நின்றால் கிழக்கே கடல், தெற்கே புகைபோக்கிகள், மேற்கே கழிமுகமும் உப்பளமும். வடக்கே சதுப்பு நிலம் கண்ணுக்கு எட்டிய மட்டும் போகும். அதற்கும் அப்பால் பழவேற்காடு. ஐப்பசி பிறந்தால் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பறவைகள் வர ஆரம்பிக்கும். உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா, வாத்து வகைகள், கடைசியாகப் பூநாரை. வானம் தெளிவாக இருந்தால் அவை எட்டாத உயரத்தில் போய்விடும், ஒன்றும் தெரியாது. மேகம் இறங்கி, காற்றும் தூறலுமாகக் கிடக்கும் நாளில்தான் தாழப் பறக்கும். ஆகவே நல்ல நாளில் வீட்டில் தூங்கிவிட்டு, நாய்கூட வெளியே தலைகாட்டாத நாளில் நான் சைக்கிளை எடுப்பேன். இது எங்கள் தெருவில் பைத்தியக்காரத்தனம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்குச் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடையில் வேலை. லாரி ஏறும், முள் ஓடும், முள் நின்ற இடத்தை நான் சொல்ல வேண்டும். ஏற்றிச் சொல் என்று ஒருவன் கெஞ்சுவான், குறைத்துச் சொல் என்று இன்னொருவன் மிரட்டுவான். முள் காட்டுவதைத்தான் சொல்வேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. நாள் முழுக்கக் கம்பி விழுகிற சத்தம், தகடு கிழிகிற சத்தம், அதற்கு மேலே மனிதர்கள் கத்துகிற சத்தம். மலைமேல் காற்றைத் தவிர வேறு சத்தமில்லை, பறவைகள் என்னிடம் பேரம் பேசவில்லை. அங்கே போனதற்கு உண்மையான காரணம் அவ்வளவுதான். பறவை என்றால் சுதந்திரம் என்று எழுதுகிறவர்கள், மழையில் நனைந்து ஒற்றைக்காலில் நடுங்கும் உள்ளானைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

பர்மா பஜாரில் வாங்கிய தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தேன். ரஷ்யன் மால் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான். வலது பக்கக் கண்ணாடியில் பூஞ்சை. இடது கண்ணால் பறவையும் வலது கண்ணால் பனிமூட்டமும் தெரியும். நாளடைவில் வலது கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

கரையில் ஒரு காவல்காரர் இருந்தார். முதல் வருடம் விரட்டினார், இரண்டாம் வருடம் கண்டுகொள்ளாமல் விட்டார், பிறகு பேச ஆரம்பித்தார். மழைக்குத் தலையில் சாக்குப் பையைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு எதிரே வருவார். "இன்னா சார், இன்னிக்கு இன்னா பார்ட்டி வந்துகீது?" என்பார். சைபீரியா பக்கத்திலிருந்து என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அவருக்கு ரஷ்யாக்காரன்தான். எங்கள் ஊர் நாரையையும் சேர்த்து.

என் அக்கா நான் இருந்த மீனவர் குப்பத்திலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காவின் புருஷன் காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு டிரைவர். அக்காவுக்கு என் மேல் உயிர். அதை அவள் திட்டித்தான் காட்டுவாள். "பொண்ணு பாக்கப் போடான்னா பொட்டைக் கொக்கைப் பாத்துகினு கீறான்" என்று தெருக்குழாயில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொல்வாள். மாமா அதிகம் பேசமாட்டார். என்னுடைய பறவைகளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். "இத்தத் துன்னலாமா மச்சான்?" வாத்து என்றால் தின்னலாம், ஆலா என்றால் நாறும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர் விரும்பியதில்லை.

எங்கள் குப்பத்துப் பெண்களுக்குப் பறவை பார்க்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதைப் பைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். படகு வர நேரமானால் அவர்கள் கடலைப் பார்ப்பதில்லை, கடலுக்கு மேலே பார்ப்பார்கள். திரும்புகிற வழியிலேயே படகில் மீனைக் கொட்டித் தரம் பிரிப்பது வழக்கம். விலை போகாத பொடிசையும் நசுங்கியதையும் கடலில் எறிவார்கள். அதற்காகக் கடற்காகங்கள் படகின் பின்னாலேயே மொய்த்துச் சுற்றிக்கொண்டு வரும். காசிமேட்டுக்குப் போகிற படகு எங்கள் கரையோரமாகத்தான் தெற்கே இறங்கும். படகு தெரிவதற்கு வெகுநேரம் முன்னதாக அந்தப் பறவைக் கூட்டம் தெரிந்துவிடும். பட்சி தெரிந்ததும் உலை வைத்துவிடுவார்கள். புருஷன் காசிமேட்டில் இறங்கி, மீனைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீடு வருவதற்குள் சோறு வெந்து வடிந்திருக்கும். இந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை, அந்த ஒரு வருடம் தவிர.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் கழிந்த வாரம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். கடலுக்குப் போயிருந்த படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிட்டன. மாமா ஓட்டுகிற படகு மட்டும் வரவில்லை. நெல்லூர்ப் பக்கம் தனியாகப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர்களிடம் இருந்த வயர்லெஸ் அந்த நடை புறப்படும்போதே வேலை செய்யவில்லை என்று இன்னொருவர் சொன்னார். இதையெல்லாம் அக்காவுக்கு எதிரிலேயே சொன்னார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மார்க்கெட்டில் லாரி எதுவும் வராததால் எனக்கு வேலை இல்லை. காலையிலேயே அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குடையில்லை. முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

"டேய், அந்தக் கண்ணாடிய எட்துகினு வா. மலைக்குப் போலாம்."

அவள் அதுவரை ஒருநாளும் மலைக்கு வந்ததில்லை. மழையில் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேலே காற்று நிற்கவிடவில்லை. காவல்காரர் தம் தகரக் கொட்டகையைக் காட்டி உள்ளே உட்காரச் சொன்னார். அக்கா கேட்கவில்லை, கரையின் விளிம்பில் போய்க் குந்தினாள். கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. கூட்டம் கூட்டமாக உள்ளான்கள் எங்கள் காலடி உயரத்தில் காற்றை எதிர்த்து நகர்ந்து போயின. வேறொரு நாளாக இருந்தால் எனக்கு அது விருந்து. அன்றைக்கு நான் பார்த்த பறவைகளைப் போல அந்தக் கரையில் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பார்த்தபோதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் சந்தோஷமாக இருப்பது கூச்சமாகவும் இருந்தது.

மதியம் மழை சற்று விட்டது. கிழக்கே மேகம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு வெளிச்சக் கீற்று கிடைத்தது. அக்கா எழுந்து நின்றாள்.

"பட்சி! அதோ பட்சி! டேய், வந்துட்டாரு!"

கடலுக்கு மேல் வடகிழக்கே கறுப்பாக ஒரு கூட்டம் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு எதுவென்று தெரியாது. நான் தொலைநோக்கியை எடுத்து இடது கண்ணில் வைத்தேன். நீண்ட கழுத்து, கூரான வால், விரைவாக அடிக்கிற இறக்கை. ஊசிவால் வாத்துகள். வரிசை கலைவதும் மறுபடி சேர்வதுமாக, எதையும் சுற்றாமல், கீழே குனியாமல், நேராக வடமேற்கே பழவேற்காட்டு ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே படகு இல்லை.

முள் காட்டியதைச் சொன்னேன்.

"யக்கா, இது அது இல்ல. போட்டு பின்னால வர்ற பட்சி சுத்தும். இது நேராப் போவுது பாரு. வாத்து. எங்கியோ வெளிநாட்லேர்ந்து வருது. இதுக்கும் மாமாவுக்கும் ஒண்ணியும் இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா? வெளிநாட்டு வாத்தப் பாக்கவா உன்ன இட்னு வந்தேன்?" என்று கத்தினாள். காற்றில் பாதிதான் கேட்டது. பிறகு கரையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடினாள். நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் ஒரு லாரியில் ஏறிவிட்டிருந்தாள்.

நான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை வைத்திருந்தாள். அந்தப் படகில் போன மற்றவர்களின் வீடுகளிலும் வைத்திருந்தார்கள், அக்கா போய்ச் சொல்லியிருந்தாள். கொஞ்சநேரத்தில் பெண்கள் எல்லோருமாகப் பஸ் ஏறிக் காசிமேட்டுக்குப் புறப்பட்டார்கள். என் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததால் பேசாமல் ஒரு குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அங்கே படகுகள் ஒன்றோடொன்று கயிறு கட்டி நெருக்கி நின்றிருந்தன. கல் கொட்டிய தடுப்புக்குமேல் அலை ஏறி விழுந்தது. பெண்கள் ஏலக் கூடத்தின் ஓரத்தில் நின்றார்கள். இருட்டுகிற வரை நின்றார்கள். ஒன்றும் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் ஒரு பெண் அக்காவைப் பார்த்து, "இன்னாத்தப் பாத்துட்டு வந்து சொன்ன நீ? கொயந்தைங்க கேக்குதுங்க, இன்னா சொல்லுவேன்?" என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் தம்பி அப்போதே சொன்னான் என்று அவள் சொல்லவில்லை. வடித்த சோறு அன்றைக்கு அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு புயல். கரையைக் கடந்தது வடக்கே என்றார்கள், ஆனால் எங்களுக்கும் போதுமான அளவுக்குக் கிடைத்தது. பக்கத்துச் சடையங்குப்பம் முழுக்கத் தண்ணீரில் நின்றது. எங்கள் குப்பத்தில் கூரைகள் பறந்தன, மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. நான் அக்கா வீட்டிலேயே இருந்தேன். அவள் மாதா படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் மெழுகுவத்தி ஏற்றவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மீந்த மெழுகுவத்தி அது. அதை இப்போது ஏற்றமாட்டேன் என்றாள். மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. மாமா செத்துப்போயிருப்பார் என்றே நினைத்தேன். அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி நினைவில் வந்து வந்து போனது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

காற்று ஓய்ந்த மறுநாள் காலை அக்கா முகம் கழுவி, தலை வாரி, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மலைக்கு வரியா?"

காசிமேட்டுக்குப் போவோமே என்றேன். "அங்க எல்லாரும் என்னியே பாப்பாங்க" என்றாள்.

மலை நாங்கள் விட்டுவிட்டு வந்த இடமாக இல்லை. காவல்காரரின் தகரக் கொட்டகை குப்புறக் கிடந்தது. கரையின்மேல் எங்கே பார்த்தாலும் பறவைகள் உட்கார்ந்திருந்தன. சிறகு ஓய்ந்து, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, பக்கத்தில் நடந்தாலும் நகராமல் இருந்தன. நிலத்தின் பக்கமே வராத ஆழ்கடல் பறவை ஒன்று, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகச் சாம்பலில் கிடந்தது. அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். காவல்காரர் தம் சாக்குப் பையை அதன்மேல் கூடாரமாக வைத்திருந்தார். "ரஷ்யாக்காரன் ரொம்ப பேஜாராயிட்டான் சார்" என்றார். அக்காவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

அக்கா என் கழுத்திலிருந்து தொலைநோக்கியைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். எந்தக் கண்ணில் நன்றாகத் தெரிகிறது என்று அவளாகவே கண்டுபிடித்து மற்றதை மூடிக்கொண்டாள். கடல் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது, ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். ஒரு கூட்டம் தெரிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை, கத்தவுமில்லை. "அதோ கறுப்பா. சுத்துதா, நேராப் போவுதா? நீயே சொல்லு" என்றாள். கண்ணாடியைத் தராமலே கேட்டாள்.

"நேராத்தான் போவுது" என்றேன்.

"சரி" என்றாள்.

இப்படியே இன்னும் சில கூட்டங்கள். எல்லாம் நேராகப் போயின. ஒவ்வொரு முறையும் அவள் கேட்டாள், நான் சொன்னேன், அவள் சரி என்றாள். பொய் சொல்லலாமா என்று ஒருமுறை தோன்றியது. சுற்றுகிறது என்று சொன்னால் மறுபடி போய் உலை வைப்பாள். அதற்கு எனக்குத் தைரியமில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். காவல்காரரும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ சாம்பலில் கால் புதையப் புதைய ஏறி வருகிற சத்தம் கேட்டது. மின் நிலையத்து ஆள் யாராவது இருக்கும், விரட்டப் போகிறான் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"இன்னாத்தப் பாத்துகினு கீற?" என்றது குரல்.

அக்கா கண்ணாடியை இறக்காமலே, "போட்டு வருதான்னு" என்றாள்.

"அது வராது. பழவேற்காட்டாண்ட மணல்ல ஏறி நிக்கிது."

அக்கா திரும்பினாள். மாமா நின்றுகொண்டிருந்தார். யாருடையதோ பெரிய சட்டை, முழங்கால்வரை சாம்பல், காலில் செருப்பில்லை. உதடு உப்பில் வெடித்திருந்தது. "வூட்ல பூட்டுத் தொங்குது. பக்கத்து வூட்ல கேட்டா மலைக்குப் போய்ட்டான்னாங்கோ" என்றார், அக்கா செய்தது ஏதோ தப்பு என்கிற மாதிரி.

அவள் தொலைநோக்கியை வாரோடு பிடுங்கி அவர் தோளில் ஓங்கி அடித்தாள். இரண்டாம் அடியில் வார் அறுந்தது. என்னுடைய ரஷ்யன் மால் கரையில் உருண்டு, குட்டைப் பக்கமாகப் போய், சாம்பல் குழம்பில் விழுந்து உள்ளே போய்விட்டது. மூன்றாவது அடிக்குக் கையில் ஒன்றும் இல்லாததால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் உயிரோடு வந்ததில் அடக்கமுடியாத சந்தோஷம். தொலைநோக்கி போனதில் வயிறெரிச்சல். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

காவல்காரர் எங்கிருந்தோ பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். மாமா அங்கேயே உட்கார்ந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. வியாழக்கிழமை ஒரு பெரிய அலை வந்து முன்கண்ணாடியை உடைத்துத் திசைகாட்டியையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. சூரியன் இல்லை, நட்சத்திரம் இல்லை. காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் ஒரு பக்கமுமாகப் படகைச் சுற்றிவிட்டதில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போய்விட்டது.

"டீசல் ஒரு பக்கம் ஓட்றதுக்குத்தான் இருந்துச்சு. தப்பா வுட்டா அவ்ளோதான். இவன் அந்தப் பக்கம்ன்றான், அவன் இந்தப் பக்கம்ன்றான். வெள்ளிக்கெயம கொஞ்சம் மழ வுட்டுச்சு. தலைக்கு மேல ஒரு கூட்டம் போச்சு மச்சான், கறுப்பா, வரிசையா. நம்ம மேல ஒரு சுத்துகூட சுத்தல. பாத்தா வாத்து. கடல்ல வாத்துக்கு இன்னா வேலை? ஏரிக்குத்தான் போவும். அத்தப் பாத்தே வுட்டேன். போச்சு, அது பின்னால இன்னொரு கூட்டம் வந்துச்சு. அதும் அதே பக்கம். வுடாம ஓட்னேன். ராத்திரி காத்துல பழவேற்காட்டு முகத்வாரத்தாண்ட மணல்ல ஏத்தி வுட்டுச்சு. எல்லாம் உசிரோட கீறாங்க. ரோடெல்லாம் தண்ணி, போன் இல்ல. இன்னிக்குத்தான் நடந்தும் லாரி புட்சும் வந்தோம்."

நான் உடனே கேட்டேன். "வெள்ளிக்கிழமை எத்தினி மணிக்கு மாமா?"

"மணி எவன் பாத்தான்? மத்தியானம் இர்க்கும்."

என் மூளை எடை மேடையில் ஏறி நின்றுகொண்டது. அந்தப் பருவத்தில் அந்தக் கடல்வழியே எத்தனையோ கூட்டங்கள் வரும். அவர் பார்த்ததும் நாங்கள் பார்த்ததும் ஒரே கூட்டம் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதே தெரியாது. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க ஈரமும் சாம்பலும்.

"நேராப் போச்சு. அதாண்டா வந்தாரு" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கரையிறங்கினார்கள். பாதி வழியில் மாமா திரும்பி நின்று, அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவையைக் கைகாட்டி, "இத்தத் துன்னலாமா மச்சான்?" என்று கத்தினார். நாறும் என்றேன். அது சாயங்காலத்துக்குள் தெளிந்து எழுந்து கடலைப் பார்த்துப் போய்விட்டதாகக் காவல்காரர் பிற்பாடு சொன்னார்.

படகை மணலிலிருந்து இழுத்து, சரிசெய்து, மாமா மறுபடி கடலுக்குப் போனது மார்கழி நெருங்குகிற சமயம். அன்றைக்கும் மேகம் போட்டிருந்தது. புயல் என்று எதுவும் சொல்லவில்லை, சும்மா மழைதான். அக்கா மலைக்கு வரவில்லை. வேலைக்குக் கிளம்பிய என்னை வாசலில் மறித்தாள்.

"போய்ட்டு வந்து சொல்லு. நேராப் போவுதா பாரு."

மார்க்கெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு மலைக்குப் போனேன். தொலைநோக்கி இல்லை. வெறும் கண்ணால் மாலைவரை பார்த்தேன். மழை விட்டபாடில்லை. வருகிற வாத்தெல்லாம் அந்த வருடம் வந்து முடிந்திருக்க வேண்டும். கடலுக்கு மேல் ஒன்றுகூடத் தெரியவில்லை. காவல்காரர் என்னைப் பார்த்து இல்லை என்று கையை விரித்தார்.

வீடு திரும்பியபோது அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே, "நேராத்தான் போவுது யக்கா" என்றேன்.